100 ரூபாயில் 82 ரூபாய் ஒரே பங்கில்: காவேரிப்பட்டணத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் சிறிய அலுவலகம் என்னுடையது. எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஆலோசனை சொல்லப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும். எனக்கு அது கிடையாது. இந்த நிகழ்வில் கணக்குப் போட்டுக் காட்டியதும் கேள்வி கேட்டதும்தான் என் வேலை. முடிவுகள் எல்லாம் அந்தக் குடும்பத்துடையவை. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பங்கின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் படிப்பவர் பாதியிலேயே எழுந்து அதன் இன்றைய விலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பின்னணி

அவருக்கு 2024இல் வயது 56. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் 27 வருஷமாக வேலை. ஷிஃப்ட் நேரத்துக்குக் கம்பெனி பஸ் வரும், அதில் போய்வருவார். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 46,000 ரூபாய். காவேரிப்பட்டணம் பக்கம் இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்தில் கொஞ்சம் நீலம். கடன் வாங்கிக் கட்டிய வீடு. ஒரே மகள், அப்போது பிளஸ் டூவில் சேர்ந்திருந்தாள்.

மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் பல வருஷம் ஊக்குநராக இருந்தவர். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதலில் தொடங்கியது 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல்தான். ஆகவே குழு நோட்டு, தீர்மானம், கையெழுத்து என்பதெல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த பழக்கம். இந்தக் கதையில் அந்த நோட்டுக்கு முக்கியமான வேலை இருக்கிறது.

2013இல் கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, அந்த வருஷத்துப் போனஸையும் தோப்புக் குத்தகைப் பணத்தையும் சேர்த்து, ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் 400 பங்குகளை 310 ரூபாய் விலையில் வாங்கினார். மொத்தம் 1,24,000 ரூபாய். 2016இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு வந்தது, அதாவது கையில் இருந்த ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொன்று; 400 பங்கு 800 ஆனது. 2021இல் 10 ரூபாய் முகமதிப்புள்ள (பங்கில் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு, சந்தை விலை அல்ல) ஒவ்வொரு பங்கையும் ஐந்து 2 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தார்கள். 800 பங்கு 4,000 ஆனது. ஒரு பங்கைக்கூட அவர் விற்கவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் சந்தை விழுந்தபோது அந்தப் பங்கும் பாதிக்குக் கீழே போனது. 12 லட்சமாக இருந்த மதிப்பு ஐந்தரை லட்சத்துக்கு இறங்கியது. அப்போதும் விற்கவில்லை. அப்புறம் அது பல மடங்கு ஏறியது. அந்த அனுபவம் அவருக்குள் ஒரு பாடமாக ஆழமாகப் பதிந்துவிட்டது: விழுந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். 52 வயதில், ஐந்தரை லட்சம் கைவிட்டுப் போனாலும் உழைத்துச் சேர்க்கலாம் என்ற நிலையில் கற்ற பாடம் அது.

2024 ஜூன் 4

மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் கிட்டத்தட்ட 4,390 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 5.7 சதவீதம் விழுந்தது. இவருடைய பங்கு 1,240 ரூபாயிலிருந்து 1,128 ரூபாய்க்கு வந்தது. பங்குக்கு 112 ரூபாய். 4,000 பங்குக்கு 4,48,000 ரூபாய். அவர் கையில் வாங்கும் சம்பளத்தில் ஏறக்குறைய பத்து மாதம்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி களியை உருட்டினபடியே வைத்துவிட்டு எழுந்துபோனதைப் பார்த்து மனைவி கேட்டிருக்கிறார். அப்போதுதான் வாய் திறந்தார். நாலு நாளில் சந்தை மீண்டது, பங்கும் பழைய விலைக்கு வந்தது. அவர் அதோடு மறந்துவிட்டார். மனைவி மறக்கவில்லை.

ஜூன் நடுவில் படிவம் 16ஐ (சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று) எடுத்துக்கொண்டு இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். வழக்கமாக அவர் மட்டும்தான் வருவார். கணக்கு முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்: "தம்பி, ஒரே நாள்ல நாலரை லட்சம் போவுதாம், நாலு நாள்ல திரும்பி வருதாம். அப்படின்னா அது நம்ம பணமா, இல்லையா?"

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. அன்றைக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சொத்து விவரம் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

கணக்கில் தெரிந்தவை

அந்தப் பங்கு 1,240 ரூபாய் விலையில் 49,60,000. மற்ற சில பங்குகளும் பரஸ்பர நிதியும் 6,20,000. வங்கி வைப்பு 5 லட்சம். ஆக 60,80,000. இதில் ஒரே பங்கு 82 சதவீதம். பி.எஃப்.இல் இருந்த 14 லட்சத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் 66 சதவீதம்.

சதவீதத்தைவிட என்னை உறுத்தியது வேறு. அவர் வேலை பார்ப்பது வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். பங்கும் வாகன உதிரிபாக நிறுவனத்துடையது. வண்டி விற்பனை படுத்தால் ஓவர்டைம் நிற்கும், போனஸ் குறையும். அதே சமயம் பங்கும் விழும். சம்பளமும் சேமிப்பும் ஒரே கிணற்றுத் தண்ணீர். இதை நான் முதல் சந்திப்பிலேயே கவனித்திருக்க வேண்டும். இரண்டாவது சந்திப்பில்தான் கண்ணில் பட்டது.

அடுத்தது தேவைகள். வீட்டுக் கடன் பாக்கி 7,10,000, வட்டி 9.2 சதவீதம், மாதத் தவணை 14,800. மகள் 2025இல் கல்லூரிக்குப் போவாள். விடுதியோடு நாலு வருஷத்துக்கு ஒன்பது லட்சம் என்று அவர்களே கணக்கு வைத்திருந்தார்கள். 2026இல் அவருக்கு 58 வயது, பணி ஓய்வு. பி.எஃப். ஓய்வூதியம் 15,000 ரூபாய் சம்பள வரம்பில் கணக்கிடப்படுவதால் எவ்வளவு இழுத்தாலும் மாதம் 7,500ஐத் தாண்டாது. பழைய சர்வீஸுக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் அவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

ஆக, இரண்டு வருஷத்துக்குள் மூன்று பெரிய தேவைகள். மூன்றுக்கும் அவர் மனதில் வைத்திருந்த பதில் ஒன்றே: "அதான் பங்கு இருக்கே." எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி. சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

பங்கும் தோப்பும்

அவருக்கு விற்க மனமில்லை. மூன்று காரணம் சொன்னார். விற்றால் வரி போகும். கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது. மூன்றாவது, "நல்லா காய்க்கிற மரத்தை யாராச்சும் வெட்டுவாங்களா?"

"வெட்டச் சொல்லலை. கவாத்து பண்ணச் சொல்றேன்," என்றார் மனைவி.

நான் தோப்பைப் பற்றிக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பலர் செய்வதைப் போலவே அவரும் வருஷா வருஷம் தை, மாசியில் பூ எடுத்ததும் தோப்பை வியாபாரிக்கு விட்டுவிடுவார். காய் பறிக்கும்வரை காத்திருந்து தானே மண்டிக்குக் கொண்டுபோனால் நல்ல வருஷத்தில் இன்னும் அதிகம் கிடைக்கும். ஆனால் ஆலங்கட்டி மழை, சூறைக்காற்று, பூச்சி, விலைச் சரிவு எல்லாம் அதற்குள் வந்துபோகும். "அந்த வேதனை நமக்கு எதுக்கு தம்பி? வியாபாரி பார்த்துக்கட்டும். வர்றது வரட்டும்னு கொடுத்துடறதுதான்," என்றார்.

"சரி, அண்ணா," என்றேன் நான். "தோப்பில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வருகிறது. அதற்கே காற்றையும் மழையையும் பார்த்துப் பயந்து, கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பூவிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். 50 லட்சத்துக்கு மட்டும் காற்றும் மழையும் வராதா?"

அவர் பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "யோசிக்கிறேன்," என்று எழுந்தார். அடுத்த வாரம் அவரே போன் செய்தார். அன்றைய பேச்சில் மற்ற கணக்குகளைவிட அவரை அசைத்தது இதுதான் என்று பின்னால் அவர் மனைவி சொன்னார்.

பார்த்துவிட்டு விலக்கிய வழிகள்

பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கலாமா என்று அவர் கேட்டார். விற்க வேண்டாம், வரியும் வேண்டாம், பணமும் கிடைக்கும். ஆனால் விலை விழுந்தால் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கொடுக்காவிட்டால் அவரே விற்றுவிடுவார், அதுவும் விலை மோசமாக இருக்கும் நாளில். எந்த ஆபத்தைக் குறைக்க நினைக்கிறோமோ அதையே இரட்டிப்பாக்கும் வழி என்பதால் கைவிட்டோம்.

மனைவி பேருக்கு மாற்றி விற்றால் வரி குறையுமா என்றார். குறையாது. மனைவிக்குத் தானமாகக் கொடுத்த சொத்திலிருந்து வரும் ஆதாயம் கணவன் கணக்கிலேயே சேரும். மகளுக்கு 18 ஆகவில்லை. அங்கேயும் பெற்றோர் கணக்கில்தான் சேரும்.

மொத்தத்தையும் விற்றுவிடுவது பற்றியும் பேசினோம். அதில் மனைவிக்கே சம்மதமில்லை. "அது வீட்டைக் காப்பாத்தின பங்கு. இருக்கட்டும். ஆனா அது மட்டும் இருக்கக் கூடாது," என்றார்.

தீர்மானம்

குழு நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில், தேதி போட்டு, குழுத் தீர்மானம் எழுதும் அதே நடையில் அந்த அம்மா எழுதினார். சாரம் இது: 4,000 பங்கில் 1,600ஐ வைத்துக்கொள்வது, 2,400ஐ மூன்று தவணையில் விற்பது, முதலில் 900, ஜனவரியில் 700, ஏப்ரலில் 800. வரும் பணத்தில் முதலில் வரி, அடுத்து கடன், அடுத்து மகள் படிப்பு, மீதி ஓய்வுக்கால வைப்பு. அதற்கப்புறம் எப்போது கணக்குப் பார்த்தாலும் ஒரே பங்கு மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் 40 சதவீதத்துக்கு இறக்குவது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

1,600 என்ற எண் எப்படி வந்தது? ஜூன் விலையில் கணக்குப் பார்த்தால், வரியும் கடனும் போன பிறகு அந்தப் பங்கு மொத்தத்தில் சுமார் 39 சதவீதமாக நிற்கும். புத்தகங்களில் சொல்லும் 10, 15 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் அதிகம்தான். ஆனால் அவர் மனசு அதற்குமேல் இறங்காது என்று தெரிந்தது. பின்பற்றாத நல்ல எண்ணைவிடப் பின்பற்றுகிற சுமாரான எண் மேல்.

விலை இவ்வளவு வந்தால் விற்கலாம் என்று எழுதாமல் மாதத்தை எழுதியதற்குக் காரணம் உண்டு. விலையை எழுதினால், அந்த விலை நெருங்கும்போது இலக்கை மேலே தள்ளத் தோன்றும். தள்ளிப்போனால் காத்திருக்கத் தோன்றும். மாதம் வந்தே தீரும்.

ஏப்ரலுக்கு ஒரு தவணையை ஒதுக்கியது புது நிதியாண்டின் வரிவிலக்குக்காக. உண்மையைச் சொன்னால் இதற்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் அதிகம். இப்போதைய விலக்கு வருஷத்துக்கு 1,25,000 ரூபாய். அதனால் மிச்சமாகும் வரி, செஸ்ஸும் சேர்த்து, 16,250. இந்தப் பங்கு ஐந்து ரூபாய் அசைந்தாலே 4,000 பங்கில் 20,000 ரூபாய். 16,250ஐப் பிடிக்க வருஷக் கணக்கில் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த பிழை

பங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு, அதாவது நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, 2018 ஏப்ரல் முதல் வரி உண்டு. 2018 ஜனவரி 31 வரை வாங்கியிருந்த பங்குகளுக்கு, அன்றைய உச்ச விலையை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள ஒரு சலுகையும் உண்டு. விற்ற விலையைவிட அது கூடுதலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கு இந்தப் பங்கின் உச்ச விலை 1,450 ரூபாய். விற்கப்போவது அதற்குக் கீழே. "அப்படின்னா வரியே வராது," என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

அந்த அம்மா நோட்டை மூடவில்லை. "அப்போ நம்மகிட்ட 800 பங்குதானே இருந்தது? இப்போ 4,000 ஆச்சே. அன்னிக்கு விலையை அப்படியே எப்படிப் போடறீங்க தம்பி?"

அவர் கேட்டதுதான் சரி. 2021இல் பங்கு ஐந்தாகப் பிரிந்ததால் 1,450ஐயும் ஐந்தால் வகுக்க வேண்டும்: 290 ரூபாய். வரியே இல்லை என்ற கணக்கு, பங்குக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆதாயம் என்று மாறியது. இப்படியே தாக்கல் செய்திருந்தால் வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் உள்ள விற்பனைத் தொகையை வைத்துத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கும். பங்கைப் பிரிக்கும்போது அதன் அடையாள எண்ணும் மாறும். அந்த எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் அதற்கப்புறம்தான் எனக்கு வந்தது.

ஆடியும் பட்ஜெட்டும்

தீர்மானம் எழுதியது ஜூலை முதல் வாரம். அடுத்த வாரமே விற்கலாம் என்றிருந்தபோது, அவருடைய அம்மா "ஆடி கழியட்டும்" என்றார். விற்பதற்கு என்ன ஆடி, என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது என் வீடு இல்லை.

ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட். நீண்டகால ஆதாய வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமானது, அன்றைய தேதியிலிருந்தே. விலக்கு ஒரு லட்சத்திலிருந்து ஒன்றேகால் லட்சமாக உயர்ந்தது. முதல் தவணைக்கு மட்டும் இந்த மாற்றத்தால் கூடுதலாகப் போனது சுமார் 20,000 ரூபாய். இடைப்பட்ட வாரங்களில் விலை 55 ரூபாய் ஏறியதால், 900 பங்குக்கு 49,500 கூடக் கிடைத்தது. கூட்டிக் கழித்தால் ஆடி லாபம்தான். பாட்டி இதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் தவணை

ஆவணி பிறந்து, ஆகஸ்ட் கடைசி வாரம். பட்டறைக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை. பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து பங்கை விடுவிக்கப் போனுக்கு ஓடிபி வரும். அதனால் சந்தை நடக்கும் நாளில் வந்த அவருடைய ஷிஃப்ட் விடுமுறையில், வீட்டில் உட்கார்ந்து விற்றார்கள். 900 பங்கு, சராசரி 1,385 ரூபாய், மொத்தம் 12,46,500. தரகர் கட்டணமும் பரிவர்த்தனை வரியும் சிறு தொகை, இங்கே விட்டுவிடுகிறேன். மறுநாள் பணம் வந்தது.

வரி 1,11,865. விற்ற தொகையில் 9 சதவீதம். ஜூன் 4 அன்று ஒரே நாளில் போனதும் 9 சதவீதம்தான். இதைச் சொன்னபோதுதான் வரி என்ற முதல் காரணத்தை அவர் விட்டார். செப்டம்பர் 15க்கு முன்பே முன்வரியாக (நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வரி) கட்டினோம். கடன் 7,10,000 அடைந்தது. மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் இல்லை. பத்திரம் வீட்டுக்கு வந்தது. மீதி நாலேகால் லட்சம் வைப்பில் போனது.

செப்டம்பர் கடைசியில் சந்தை உச்சத்தைத் தொட்டது. பங்கு 1,610. ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "தம்பி, ரெண்டு லட்சம் விட்டுட்டேன்." கணக்கு சரிதான்: 225 ரூபாய், 900 பங்கு, 2,02,500. விற்றதைத் திரும்ப வாங்கலாமா என்றும் கேட்டார்.

மீதி 3,100 பங்கின் மதிப்பைப் பார்க்கச் சொன்னேன். 49,91,000. ஜூனில் 4,000 பங்குக்கு இருந்த மதிப்பைவிட 31,000 அதிகம். இப்போது கடனும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனை வைத்தார். திரும்ப வாங்கவில்லை.

தீர்மானம் பாதி முறிந்த ஜனவரி

ஜனவரித் தவணை வந்தபோது விலை 1,190. ஜூனில் 1,240 இருந்தபோது மலையாகத் தெரிந்த விலைதான். 1,610ஐப் பார்த்துவிட்ட கண்ணுக்கு இது நஷ்டமாகத் தெரிந்தது. "நாலு மாசத்துல 420 ரூபாய் இறங்கிடுச்சு. இப்போ வித்தா அது பைத்தியக்காரத்தனம்," என்றார். மூன்று நாள் வீட்டில் பேச்சு. கடைசியில் சமரசம்: 700க்குப் பதில் 350. தொகை 4,16,500, வரி 40,950.

பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் இறங்கியது. ஏப்ரல் 7 அன்று அமெரிக்க இறக்குமதி வரி அச்சத்தில் சந்தை கடுமையாக விழுந்தது, பங்கு 960. ஏப்ரல் தவணை நடக்கவில்லை. அந்த விலையில் விற்கச் சொல்ல அந்த அம்மாவுக்கும் மனம் வரவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் விற்காமல் இருந்திருந்தால், அந்த ஏப்ரல் வேறுவிதமாகப் போயிருக்கும். கடன் தவணை இருந்திருக்கும், மகளுக்கு இரண்டு மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், கையில் பங்கைத் தவிர பெரிதாக எதுவும் இருந்திருக்காது. 960இல் விற்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். அது வரவில்லை. முதல் வருஷத்துக்கான 2,30,000 ஏற்கெனவே வைப்பில் இருந்தது. ஜூன் 2025இல் விலை 1,150க்கு மீண்டபோது 700 பங்கு விற்றார்கள்: 8,05,000, வரி 62,010.

அதே ஜூனில் பெங்களூரா மாங்காய் விலை படுமோசமாகச் சரிந்தது. பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. இவருடைய தோப்பு வழக்கம்போலப் பூவிலேயே போயிருந்தது. வியாபாரி வந்து தலையைச் சொறிந்தபோது, பாக்கியில் 15,000 தள்ளிக் கொடுத்தார்கள்.

ஜூன் 2025 நிலவரம்

விற்றது 2,400 இல்லை, 1,950. வந்த தொகை 24,68,000. மொத்த வரி 2,14,825. அந்த 1,950 பங்கையும் வைத்திருந்தால் அன்றைய மதிப்பு 22,42,500. விற்றதால் கூடுதலாகக் கிடைத்தது 2,25,500. கட்டிய வரியும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, லாபக் கணக்கில் இந்த வேலையால் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

மாறியது வேறு இடத்தில். ஒரே பங்கு 82 சதவீதத்திலிருந்து 49க்கு வந்தது. கடன் இல்லை, மாதம் 14,800 மிச்சம். முதல் வருஷக் கட்டணம் கட்டியாகிவிட்டது. அடுத்த மூன்று வருஷத்துக்கான பணமும் வைப்பில் இருக்கிறது. ஓய்வு பெறும் மாதத்தில் சந்தை எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அவர்கள் இப்போது பேசுவதில்லை.

திரும்பச் செய்வதென்றால்

முதல் தவணையைப் பெரிதாக வைத்திருப்பேன். மனம் தெளிந்திருந்தது அந்த ஒரு நாள்தான். அப்புறம் ஒவ்வொரு தவணையிலும் அதற்கு முன் பார்த்த உச்ச விலை குறுக்கே நின்றது. 900க்குப் பதில் 1,500 என்று எழுதியிருக்கலாம். மாதத்தை எழுதியது சரி. ஆனால் தேதியையும் எழுதி, விலை என்னவானாலும் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அந்த வரி இல்லாததால்தான் ஜனவரியில் பேச்சுக்கு இடம் வந்தது.

இரண்டாவது, வருஷாவருஷம் படிவம் 16ஓடு வருகிறவரிடம் சொத்து விவரம் முழுவதையும் 2021இலேயே கேட்டிருக்க வேண்டும். பங்கு ஐந்தாகப் பிரிந்த வருஷம் அது. அப்போதே பாதியைத் தாண்டியிருந்தது என்று பழைய அறிக்கைகளைப் பார்த்தபோது தெரிந்தது. ஈவுத்தொகை வருஷம் தவறாமல் அவர் கணக்கில் என் கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கட்டத்தில் நிரப்பினேனே தவிர, எவ்வளவு பங்கிலிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

நியமனதாரர் (நாமினி) பெயர் டீமேட்டில் இல்லாததும் இந்த வேலையின் நடுவில்தான் தெரிந்தது. ஐந்து நிமிட வேலை. பதினோரு வருஷம் யாரும் செய்யவில்லை.

செப்டம்பர் 2025

செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வண்டி விற்பனை சூடுபிடித்தது, உதிரிபாகப் பங்குகளும் ஏறின. இவருடையது 1,420. ஜூனில் 1,150க்கு விற்ற 700 பங்கை நினைத்து மறுபடியும் ஒரு போன் வந்தது: 1,89,000 போச்சு என்று. இந்த முறை குரலில் பழைய பதற்றம் இல்லை.

மீதி 2,050 பங்கின் மதிப்பு 29,11,000. மற்றவை 25 லட்சம். ஒரே பங்கு 54 சதவீதம். நோட்டில் எழுதிய வரம்பு பாதி.

அக்டோபர் முதல் வாரத்தில் இருவரும் வந்தார்கள். தீபாவளி போகட்டும், விலை இன்னும் ஏறும் என்றார் அவர். "எந்தத் தீபாவளி?" என்றார் மனைவி. அவர் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் 400 பங்கு விற்றார்கள். ஓடிபி எண்ணைத் தட்டியது அந்த அம்மா. மீதி 1,650. தீர்மானத்தில் எழுதியது 1,600. அந்த 50 பங்கை அவர் விற்கவில்லை. கேட்டால், அது எனக்கு என்கிறார்.